சரக்கு இருக்கும் இடத்தைச் சொல்லி விடுங்கள்
வீடியோ போடும் வியாபாரிகள் கவனத்துக்கு

ஏரல் கடைத்தெருவுக்கு வரும் வாடிக்கையாளர் முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு கடை ஏறி இறங்கி, சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். சிவகளை, பெருங்குளம், உமரிக்காடு, வாழவல்லான், ஆறுமுகமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கல்யாணச் சாமான் முதல் கருமாதிச் சாமான் வரை வாங்க நம் ஊர்தான். இன்றும் வருகிறார்கள், வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்பே கையிலிருக்கும் செல்போனில் பாதி வியாபாரத்தை முடித்து விடுகிறார்கள். எந்தச் சரக்கு நல்லது, என்ன விலை போகிறது, கலப்படத்தை எப்படிக் கண்டுகொள்வது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் பேசிய வீடியோவில் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்த யாரோ ஒருவர் நாமாக இருந்தால் என்ன என்று நம் உறுப்பினர்கள் பலரும் யோசிக்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

இதற்கு ஒரு காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் வாசகர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு கடைத்தெருவுக்குள் வந்தது. ஏரல் ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்து போக்குவரத்து நின்றது. அரிசி, சீனி, பருப்பு என்று மூட்டை மூட்டையாக நனைந்து நாறிப்போனதை அள்ளிக் கொட்டியவர்கள் நாம். ஒருவாறு கடையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து மறுபடி திறந்தபோது, திறந்த விவரம் வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை. பாலம் இல்லாததால் ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் வேறு ஊரில் வாங்கிப் பழகிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நமக்குத் தெரிந்த சில சில்லறைக் கடைக்காரர்கள் மகனிடமோ மருமகனிடமோ செல்போனைக் கொடுத்து, "கடை திறந்தாச்சு, புதுச் சரக்கு வந்தாச்சு" என்று பேசி முதல்முதலாக யூடியூப்பில் வீடியோ போட்டார்கள். போட்ட பழக்கம் சிலரிடம் நின்றுவிட்டது, சிலரிடம் தொடர்கிறது.

தொடர்கிறவர்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றுதான். "ஆள் பார்க்க வருது, நிக்க மாட்டேங்குது." பத்து நிமிட வீடியோவில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். அதற்காகக் கூடுதலாக வெளிச்சம் போடுகிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், தூத்துக்குடியிலிருந்து காசு கொடுத்து ஆள் கூட்டி வருகிறார்கள். காசு செலவில்லாத ஒரு சின்ன வேலையை மட்டும் பெரும்பாலானோர் செய்வதில்லை. அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறோம்.

சாப்டர் என்றால் என்ன?

யூடியூப்பில் நீளமான வீடியோ ஒன்றைத் திறந்தால் அடியில் ஒரு கோடு ஓடும். சில வீடியோக்களில் அந்தக் கோடு ஒரே நீட்டாக இல்லாமல் துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் விரலை வைத்தால் அதற்கு ஒரு பெயர் தெரியும். விருப்பமான துண்டைத் தொட்டால் நேராக அங்கே போய்விடலாம். இதற்குத்தான் சாப்டர் என்று பெயர். 2020 மே மாதம் இந்த வசதி எல்லோருக்கும் பொதுவாக வந்தது.

இதை உண்டாக்கத் தனிப் படிப்பு எதுவும் வேண்டாம். வீடியோவுக்குக் கீழே விவரம் எழுதும் இடம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் நேரத்தையும் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். நிபந்தனை மூன்றுதான். முதல் வரி கட்டாயம் 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று வரிகளாவது வேண்டும், அவை நேர வரிசைப்படி ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு துண்டும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கோடு பிரியாது. "எழுதினேன், வரவில்லை" என்று சொல்பவர்களில் பலர் முதல் வரியில் 0:00 போடாமல் 0:05 என்று போட்டவர்கள்தான். பெயரைத் தமிழிலேயே எழுதலாம், எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளி மட்டும் மறக்கக் கூடாது.

எந்திரமே தானாகத் துண்டு பிரித்துப் பெயர் போடுகிற ஏற்பாடும் யூடியூப்பில் உண்டு. சோம்பலுக்கு அது உதவும். ஆனால் நம் கடைச் சரக்குக்கு விலைச்சீட்டை வழிப்போக்கர் ஒருவர் எழுதி ஒட்டுவதை நாம் ஒப்புக்கொள்வோமா? கையால் எழுதுவதே மேல்.

விருதுநகர் நிலவரம் கற்றுக்கொடுத்த பாடம்

பெயர்தான் புதிது. செய்தி பழையது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வாராவாரம் பத்திரிகையில் வருவதை நம்மில் வாசிக்காதவர் யார்? துவரம் பருப்பு ஒரு வரி, உளுந்து ஒரு வரி, வத்தல் ஒரு வரி, மல்லி ஒரு வரி, பாமாயில் ஒரு வரி. அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்த வியாபாரி ஒருவரை நாங்கள் பார்த்ததில்லை. வத்தல் வியாபாரி வத்தலைப் பார்ப்பார், எண்ணெய் வியாபாரி எண்ணெயைப் பார்ப்பார், பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். பாதிக்கு மேல் வாசிக்கவில்லை என்பதற்காக அந்த நிலவரம் தோற்றுப்போனதா? எத்தனையோ வருடமாக ஒரு வாரம் விடாமல் அதையே தேடிப் பார்க்கிறோம். தேடியது தேடிய இடத்தில் கிடைப்பதால்தான்.

வானொலியில் சந்தை நிலவரம் வாசிப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய சரக்கு எப்போது வரும் என்று தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கடையில் ஒரு ஆள் வந்து கால் கிலோ சீனி கேட்பார். நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் நமக்கு வேண்டியது போய்விட்டிருக்கும். வீடியோ கேசட்டு இருந்த காலத்தில் வேண்டிய காட்சிக்காக முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டி நாடாவே சிக்கிக்கொள்ளும். டி.வி.டி. தட்டு வந்த பிறகுதான் வேண்டிய காட்சியை எண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி வீடுகளுக்கு வந்தது. சாப்டர் போடாத வீடியோ வானொலி நிலவரம் மாதிரி. சாப்டர் போட்டால் அது பத்திரிகை நிலவரம் மாதிரி ஆகிவிடுகிறது.

எங்கள் கடையிலிருந்து சில்லறைக் கடைக்காரர்களுக்காக வாரம் ஒருமுறை விலை நிலவரம் பேசி வீடியோ போடுகிறோம். அதன் கீழே எழுதும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

0:00 இந்த வாரம் ஏறியது, இறங்கியது
0:50 துவரம் பருப்பு, உளுந்து
2:40 மிளகாய் வத்தல், மல்லி
4:30 சீனி, வெல்லம்
5:45 எண்ணெய் வகை
7:20 கருப்பட்டி வரத்து
8:30 இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா

வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை. சிட்டையில் சரக்கு வரிசை மாறினால் கணக்குப்பிள்ளை எப்படித் தடுமாறுவாரோ அப்படித்தான் பார்ப்பவரும் தடுமாறுவார். ஒவ்வொரு வாரமும் பருப்பு இரண்டாவது துண்டில்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டால், கடையில் ஆள் நிற்கும்போதே ஒரு கையால் தொட்டு, கேட்டுவிட்டு, போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிடுகிறார். சில்லறைக் கடைக்காரருக்கு ஒன்பது நிமிடம் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது ஆடி மாதத்து மத்தியானத்தில்தான்.

முதல் ஐம்பது வினாடியிலேயே ஏறியது இறங்கியது எல்லாம் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டதும் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால் "துவரம் பருப்பு இறங்குமுகம்" என்று கேட்டவருக்கு ஏன் என்ற கேள்வி வருகிறது. மொசாம்பிக்கிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் துவரை இறக்குமதியாகிறது, அங்கே அறுவடை எப்போது, கப்பல் எப்போது, நம் அரசாங்கம் சுங்கவரியை என்ன செய்திருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் நம் ஊரில் ஒரு கிலோ பருப்பின் விலை. அந்த விவரம் பக்கத்துத் துண்டிலேயே பெயரோடு இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் தொட்டுக் கேட்கிறார். வத்தல் வாங்க வந்தவர் கடைசித் துண்டில் "வாங்கலாமா, பொறுக்கலாமா" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமல் போவதில்லை. கடைக்குள் வந்தவர் கண்ணில் படும்படி மற்ற சரக்கையும் அடுக்கி வைக்கிறோமே, அந்த வேலையைத்தான் இந்தப் பெயர்கள் செய்கின்றன.

"தாவிப் போயிருவாவ அண்ணாச்சி"

வீடியோத் தொழில் பார்க்கும் தம்பி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினோம். கெட்டிக்காரப் பையன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "சாப்டர் போட்டா தாவித் தாவிப் போயிருவாவ அண்ணாச்சி. விலையைக் கடைசில வையுங்க. அதுக்காகவாவது முழுசும் பாப்பாவ. பாத்த நேரம் கூடுனாத்தான் யூடியூப்காரன் நாலு பேருக்குக் காட்டுவான்."

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2012இல் யூடியூப் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை விட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும் என்று 2018இல் விதி வைத்தது. நேரத்தையே காசாக எண்ணுகிற தொழிலில் இருப்பவருக்கு ஒவ்வொரு வினாடியும் முக்கியம்தான்.

ஆனால் நம் தொழில் அது இல்லையே. யூடியூப் தரும் விளம்பரக் காசில் நாம் கடை வாடகை கொடுக்கப் போவதில்லை. குரும்பூரிலும் ஆத்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் இருக்கும் பத்துக் கடைக்காரர்கள் பார்த்துவிட்டு "இரண்டு மூட்டை உளுந்து போட்டு அனுப்புங்க" என்று போன் செய்தால் அந்த வீடியோவுக்குக் கூலி வந்துவிட்டது. ஒன்பது நிமிடத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காத ஆயிரம் பேர் வெளியூரில் இருந்து என்ன பயன்? நமக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டினார். பார்வை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. கடைக்கு வந்த போன் மட்டும் பழையபடியேதான். அந்த எண்ணிக்கையை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது என்று அவர் கேட்டதற்கு அந்த நிறுவனத்தார் பதில் சொல்லவில்லை.

விலையைக் கடைசியில் ஒளித்து வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விலை கேட்ட வாடிக்கையாளரை உட்கார வைத்து, ஊர்க்கதை பேசி, கால் மணி நேரம் கழித்து விலை சொல்லுகிற கடைக்கு அவர் அடுத்த முறை போவாரா? முதல் தடவை பொறுமையாக இருப்பார். இரண்டாவது தடவை பக்கத்துக் கடையில் நிற்பார். செல்போனில் பக்கத்துக் கடை ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது.

எனவே பார்க்கும் நேரத்தை இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஒரு வீடியோவில் ஒருவர் இருக்கும் நேரம் சாப்டர் போட்டால் குறையவும் கூடும். தேடியது கிடைக்காமல் ஒரு நிமிடத்தில் வெளியே போயிருக்க வேண்டியவர் இரண்டு துண்டு கேட்டுவிட்டுப் போவதால் கூடவும் கூடும். அதை விட முக்கியம் அவர் அடுத்த வாரம் வருவது. வருடத்தில் ஐம்பத்திரண்டு வாரமும் இரண்டிரண்டு நிமிடம் கேட்கிறவர், ஒரே ஒரு நாள் ஒன்பது நிமிடம் கேட்டுவிட்டுப் போனவரை விட நமக்கு வேண்டியவர். பற்று வரவு வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

எங்கே நிற்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை. வீடியோ போடுபவருக்கு யூடியூப் ஸ்டுடியோ என்ற பகுதியில் ஒரு வரைபடம் காட்டுகிறார்கள். முதல் 30 வினாடி கழித்து எத்தனை சதவீதம் பேர் தங்கினார்கள், எந்த இடத்தில் கோடு சரிகிறது, எந்த இடத்தில் மேடாக எழும்புகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பார்த்தவர் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் காட்ட மாட்டார்கள். கோடு மேடாக எழும்பும் இடம் என்றால் அங்கே பலர் தாவி வந்து பார்த்திருக்கிறார்கள், அல்லது திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். தாவுவதைக் குறையாக நினைக்காமல், எந்தச் சரக்குக்குக் கிராக்கி என்று காட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை மட்டும் தனி வீடியோவாக விரிவாகப் போடலாம்.

எல்லாவற்றுக்கும் சாப்டர் வேண்டுமா?

வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்மாரும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டாவில் போடும் ஒவ்வொரு சாமானின் பெயரையும் உரக்கக் கூவிப் போட்டுச் சமைத்துப் பரிமாறும்வரை அது ஒரே கதை. நடுவில் தாவ யாருக்கும் மனசு வராது. பெயர் சொல்லிச் சொல்லிப் போடுவதே அங்கே குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சமையல் பார்க்கிறவர் பசியோடு பார்க்கிறார், விலை பார்க்கிறவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிட வீடியோவுக்கும் சாப்டர் தேவையில்லை. நான்கைந்து நிமிடத்துக்கு மேல் போய், ஒன்றுக்கு மேற்பட்ட சரக்கையோ கேள்வியையோ பேசுகிற வீடியோவுக்குத்தான் அவசியம்.

இந்த இடத்தில் நம் சீமையின் வில்லுப்பாட்டு நினைவுக்கு வருகிறது. கொடை விழாவில் இரவு முழுக்க நடக்கும். காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, முடிவில் வாழி என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வருபொருள் உரைத்தல் என்பது இன்றைக்கு எந்தக் கதையைப் பாடப் போகிறோம் என்று முதலிலேயே அறிவித்துவிடுவது. கதையைச் சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று எந்த அண்ணாவியும் பயந்ததாகத் தெரியவில்லை. கடை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு வந்து உட்காருகிற வியாபாரி, பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் "எந்தக் கட்டம் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து சேர்ந்துகொள்வார். சாமி ஆடுகிற கட்டம் நெருங்குகிறது என்று தெரிந்தால் தூங்கப் போனவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். விடியவிடியக் கூட்டத்தை வைத்திருந்த கலைக்கே கட்டம் பிரிப்பது உதவியிருக்கிறது.

பெயர் வைக்கும் விதம்

துண்டு பிரிப்பது சுலபம். பெயர் வைப்பதில்தான் வேலை இருக்கிறது. "அறிமுகம்", "விவரம்", "மேலும் சில தகவல்கள்", "நன்றி" என்று பெயர் வைத்தால் டப்பா மேல் "சாமான்" என்று எழுதி ஒட்டிய மாதிரி. உள்ளே சீரகமா சோம்பா என்று யாருக்குத் தெரியும்? வாடிக்கையாளர் கடையில் நின்று எந்த வார்த்தையில் கேட்கிறாரோ அதே வார்த்தையில் எழுத வேண்டும்.

கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் அதிகம் விசாரிக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வீடியோ போடுவதானால் "கருப்பட்டியின் சிறப்புகள்" என்று ஒரு துண்டு வேண்டாம். "உடைத்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும்", "சீனி கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது", "மழைக்காலத்தில் கசியாமல் எப்படி வைப்பது", "பத்துக் கிலோ வெளியூருக்கு அனுப்ப என்ன செலவு" என்று வையுங்கள். உடைத்த இடத்தில் கல்கண்டு மாதிரி மினுமினுப்பு இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று நாம் வாயால் சொல்வதை, இரண்டையும் பக்கத்தில் வைத்து உடைத்துக் காட்டினால் சென்னையில் இருக்கும் மருமகளுக்கும் விளங்கும். ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெற்றிலை வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் கொடிக்கால் சரக்கைப் பற்றி நம்மை விட அதிகமாக வெளியூர்க்காரர்கள் வீடியோ போடுவது நமக்கு அழகல்ல.

பெயர் சிறியதாக இருக்கட்டும். செல்போனில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். "இன்றைய நிலவரப்படி நமது சந்தையில் உளுந்து" என்று எழுதினால் உளுந்து தெரியாது. கூகுளில் தேடுகிறவருக்குச் சில சமயம் இந்தப் பெயர்கள் வீடியோவுக்குக் கீழே தனித்தனியாகவே தெரிவதால், தேடுகிறவர் வாயில் வரும் சொல்லே பெயரில் இருப்பது இரட்டிப்புப் பயன்.

விலையைப் பெயரில் எழுதாதீர்கள். போன வருடத்து வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு "இந்த விலைக்குத்தானே போட்டிருக்கீங்க" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலையை வாயால் சொல்லுங்கள். தேதியை வீடியோவின் தலைப்பிலேயே போடுங்கள்.

இல்லாததை இருப்பதாகப் பெயர் வைப்பது கூடவே கூடாது. "எண்ணெய் விலை அதிரடி வீழ்ச்சி" என்று துண்டுக்குப் பெயர் வைத்து, உள்ளே போனால் டின்னுக்குச் சொற்பம் இறங்கியிருந்தால், அவர் அடுத்த வாரம் நம் வீடியோவைத் தொட மாட்டார். எடைக்கல் சரியில்லாத கடைக்கு என்ன பெயர் கிடைக்குமோ அதே பெயர்தான் இதற்கும்.

பேசும்போதே பிரித்துப் பேச வேண்டும். இது முக்கியம். சீனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பருப்புக்குத் தாவி, மறுபடி சீனிக்கு வந்தால் எந்தக் குறிப்பும் உதவாது. நாங்கள் வீடியோ எடுப்பதற்கு முன்பே துண்டுச்சீட்டில் வரிசையை எழுதி வைத்துக்கொள்கிறோம். ஒரு சரக்கு முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, "அடுத்து வத்தல்" என்று வாயாலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். கடைப்பையன் ஒருவன் அந்த இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்கிறான். பிறகு முன்னால் ஏதாவது வெட்டினாலோ சேர்த்தாலோ எல்லா நேரமும் தள்ளிப்போகும் என்பதை மறக்காமல், வீடியோ ஏறிய பின் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை தொட்டுச் சரிபார்க்க வேண்டும். வத்தல் என்று தொட்டால் சீனி பேசினால் சிரிப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவை அப்படியே ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இந்தத் துண்டு வசதி இல்லை. யூடியூப் இணைப்பை அனுப்பினால்தான் கிடைக்கும். குறிப்பிட்ட இடத்திலிருந்து ஓடும்படி இணைப்பை அனுப்பவும் வழி இருக்கிறது. உளுந்து விலை கேட்டவருக்கு உளுந்துப் பகுதி இணைப்பை அனுப்புங்கள். நேரே அங்கேயே திறக்கும். இருபது பேருக்கு இருபது தடவை போனில் விலை சொல்லும் நேரம் மிச்சம்.

பெரிய நகரங்களில் பத்து நிமிடத்தில் பருப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன. ஏரலுக்கு இன்னும் அந்த வேகம் வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அவர்களிடம் கிட்டங்கி இருக்கிறது, வண்டி இருக்கிறது, தள்ளுபடி கொடுக்கப் பணம் இருக்கிறது. இந்த வருடத்து மல்லி ஏன் நிறம் மங்கியிருக்கிறது, எந்த உளுந்து மாவு கூடுதலாகக் காணும் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்த விவரம் நம்மிடம்தான் இருக்கிறது. நாற்பது வருடம் மூட்டையைக் குத்திப் பார்த்துக் கற்றதைப் பத்து நிமிட வீடியோவில் எங்கோ ஒரு மூலையில் புதைத்து வைத்தால் யார் தேடி எடுப்பார்கள்?

ஏற்கெனவே போட்ட வீடியோக்களை விட்டுவிட வேண்டாம். அவற்றின் விவரப் பகுதியைத் திறந்து இப்போதும் நேரக் குறிப்பு சேர்க்கலாம், மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. விலை வீடியோக்கள் பழையதாகிவிடும், அவற்றை விடுங்கள். சரக்குப் பார்க்கும் விதம், வண்டு பிடிக்காமல் வைக்கும் விதம் போன்றவற்றுக்கு முதலில் சேருங்கள். விவரம் வேண்டுகிற உறுப்பினர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், போனையும் கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வரலாம். அரைமணி நேரத்தில் ஒரு வீடியோவுக்குப் போட்டுக் காட்டிவிடுவோம். ஆடி அமாவாசைக்கு சேர்மன் சாமி கோயில் கூட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம், அப்போது எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.